ராணிக்கு ஒரே ஒரு வரி

முள் இருக்கிறதா என்று பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். சீலா மீனில் நடுமுள்ளைத் தவிர ஒன்றும் கிடையாது, கண்ணை மூடிக்கொண்டு ஊட்டலாம் என்று மதினி, என் வீட்டுக்காரரோட அக்கா, சொல்லித்தான் ஐஸ் பெட்டியைக் கையில் கொடுத்தாங்க, தூத்துக்குடிக்காரங்களுக்கு மீனைப் பற்றித் தெரியாததா, இருந்தாலும் என் விரல் தடவித் தடவிப் பார்க்கிறது. விரலுக்கு ஒரு பயம் வந்துவிட்டால் அது மனசைக் கேட்காது. "ம்மா, கதை." சொல்றேன்டி, முதல்ல வாயைத் திற. "கதை சொன்னாத்தான் வாய்." நாலு வயசுக்கு என்ன கறார். ஒரு வாய் சோற்றுக்கு ஒரு துண்டுக் கதை, அதுதான் எனக்கும் இவளுக்கும் உள்ள ஒப்பந்தம், பால் மறந்த நாளிலிருந்து இப்படித்தான் நடக்கிறது. துவைக்கிற கல்லில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருக்கிறாள் வர்ணிகா. முருங்கை மரத்து நிழல் அவள் முகத்தில் பொட்டுப் பொட்டாக விழுகிறது, தலையை ஆட்டும்போதெல்லாம் பொட்டுகள் இடம் மாறுகின்றன. வீட்டுக்குள் ஃபேன் சத்தத்துக்கு மேலே சேர்மத்துரை அண்ணன் செருமுகிறார், மதினியின் வீட்டுக்காரர், நல்ல மனுசன், செருமுவதைக்கூட மெதுவாகத்தான் செருமுவார். காத்திருக்காங்க. பிள்ளை சாப்பிட்டு முடிக்கட்டும், அப்புறம் உட்கார்ந்து பேசிக்கிடுவோம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல், கார் சாவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பேச என்ன இருக்கிறது. இவளைக் கூட்டிக்கொண்டு போக வந்திருக்காங்க. லீவுக்கு இல்லை, வளர்க்க. தூத்துக்குடியில் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, தலை பின்னிவிட்டு, ராத்திரி முதுகைத் தட்டித் தூங்கவைத்து, கொஞ்ச நாளில் அம்மா என்று கூப்பிடவைத்து வளர்க்க. அவருக்குச் சம்மதம். நான் சரி என்று சொன்னால் தீர்ந்தது. இந்தக் கிண்ணத்தில் சோறு இருக்கிற வரைக்கும் அதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே ஒரு ஊரிலே ஒரு ராஜா.

எந்த ஊர் ராஜா என்று கேட்கிறாள், தெரிந்துகொண்டே கேட்கிறாள். மழை பெய்யாத ஊர் ராஜா. திற. அந்த ஊரில் குளம் வற்றி, கிணறு வற்றி, அரண்மனைத் தொட்டியும் வற்றி, ராஜாவே தலைக்குக் குளிக்காமல் கிரீடத்துக்குள் குச்சியை விட்டுச் சொறிந்துகொண்டிருந்தார். சிரிக்கிறாள். மெல்லுடி, மென்னு முழுங்கிட்டுச் சிரி, புரையேறிடும். அப்போது வெள்ளை வெளேர் என்று ஒரு கொக்கு பறந்து வந்து, ராஜாவே, ராஜாவே, மலைக்கு அந்தப் பக்கம் மழை சும்மாதான் கிடக்கிறது, என் அலகில் கவ்விக்கொண்டு வந்து தருகிறேன், நீ எனக்கு என்ன தருவாய் என்று கேட்டது. எது கேட்டாலும் தருகிறேன் என்றார் ராஜா. இந்த ராஜாக்களுக்கு இது ஒரு வியாதி. எது கேட்டாலும். வீட்டில் என்னென்ன இருக்கிறது, அதில் எது தன்னுடையது, எது அடுத்தவள் வயிற்றிலிருந்து வந்தது என்று ஒரு நிமிசம் யோசிப்பது கிடையாது. பகலில் கதை சொல்லக்கூடாது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள், வழியில் போகிறவர்களுக்கு வழி தப்பிவிடுமாம். இன்றைக்கு விடிந்ததிலிருந்து இவளுக்கு நான் கதையாகச் சொல்லித் தள்ளினேன், பல் விளக்கும்போது ஒன்று, எண்ணெய் வைக்கும்போது ஒன்று, சட்டைக்குப் பட்டன் போடும்போது ஒன்று. கழுகுமலைக்கு இந்தப் பக்கம் எங்கேயாவது திருப்பம் தவறி அவங்க கார் வேறு ஊருக்குப் போய்ச் சேரட்டுமே என்று. கார் நேராக வாசலில் வந்து நின்றது. போனுக்குள் உட்கார்ந்து வழி சொல்கிறாளே ஒருத்தி, அவளுக்கு எந்தக் கதையும் காதில் ஏறுவதில்லை போல. மதினி இறங்கினதும் "ஏட்டி கனி, மெலிஞ்சிட்டியே" என்று என் தோளைத்தான் முதலில் பிடிச்சாங்க, பிள்ளையை அப்புறம்தான் தூக்கினாங்க. அந்த நாகரிகம்தான் என்னைக் கொல்கிறது. ராட்சசி மாதிரி வந்திருந்தால் எனக்கு எவ்வளவு சுலபம். பல்லும் நகமுமாக, ஐஸ் பெட்டி இல்லாமல், மக்ரூன் பொட்டலம் இல்லாமல் வந்திருந்தால், நான் கதவைச் சாத்தியிருப்பேன்.

"கொக்கு என்ன கேட்டுச்சு?" உனக்குத் தெரியாதா. "நீ சொல்லு." உன் மகளைக் கொடு என்று கேட்டது. எனக்குக் கூட்டில் முட்டை தங்கவில்லை, உன் மகளைக் கொடு, என் முதுகில் வைத்துக் கொண்டுபோய்த் தாமரை இலையில் படுக்கப்போட்டு வளர்க்கிறேன் என்றது. இந்தக் கதையை எங்கள் ஊர் நூலகத்தில் அட்டை இல்லாத ஒரு புத்தகத்தில் வாசித்தேன். அட்டையும் இல்லை, முதல் தாளும் இல்லை, யார் எழுதியது என்று இன்றுவரைக்கும் தெரியாது. பருத்தி மூட்டை மேலே குப்புறப் படுத்துக்கொண்டு, வேர்வையில் தாள் கையோடு ஒட்ட ஒட்ட வாசித்தேன். அடுப்பில் சோறு குழைந்துபோய் அம்மாவிடம் அடி வாங்கியதும் அந்தக் கதையால்தான், அடி வாங்கும்போதும் நான் கொக்கின் முதுகில்தான் இருந்தேன். அப்படி ஒரு பறத்தல். காதில் காற்று அடித்தது. கீழே அரண்மனை சின்னதாகி, தீப்பெட்டி அளவாகி, அப்புறம் காணாமல் போனது. அந்த இடத்தில் ஒரு வரி வரும். ராணி கண்ணீர் மல்க வழியனுப்பினாள். அவ்வளவுதான். ராணிக்கு மொத்தக் கதையிலும் அந்த ஒரே ஒரு வரிதான். இளவரசி முத்தும் சிறகுமாகத் திரும்பி வரும்போது ராணி இருந்தாளா செத்துப்போனாளா என்றுகூட எழுதவில்லை. எத்தனை தடவை வாசித்திருப்பேன், அந்த வரியில் ஒரு தடவைகூட என் கண் நிற்கவில்லை, கல்லைத் தாண்டுகிற மாதிரி தாண்டிப் போனேன். பதினோரு வயசுப் பிள்ளைக்கு ராணி எதற்கு. எனக்குச் சிறகு வேண்டியிருந்தது. இப்போது அந்தக் கல் காலில் இடிக்கிறது. யோசித்துப் பார்த்தால் எல்லாக் கதையிலும் அப்படித்தான். அப்புறம் பெரிய பெரிய காவியங்களும் வாசித்தேன், உரையோடு. ஒரு பாட்டைச் சொல் சொல்லாகப் பிரித்துக்கொண்டே போய்ப் பொருள் திறக்கிற நேரத்தில், பலாச்சுளைக்குள்ளிருந்து கொட்டை வழுக்கிக்கொண்டு வெளியே வருகிற மாதிரி ஒரு சுகம் இருக்கும் பாருங்கள், அதைக் கல்யாணத்தில்கூட நான் அனுபவித்ததில்லை, யாரிடமும் சொல்ல முடியாது. அதிலும் இதே கதைதான். முனிவர் வந்து கேட்பார், பிள்ளையைக் கொடுப்பார்கள். வரம் கேட்பார்கள், பிள்ளையைக் கொடுப்பார்கள். சொன்ன சொல் தவறாத அரசன் என்று பத்துப் பாட்டு அரசனுக்கு. சொல் அவனுடையது, கொடுக்கிற பொருள் அவள் பெற்றது.

"ம்மா, சோறு." கையில் உருண்டையை வைத்துக்கொண்டு நிற்கிறேனா. இந்தா. உள்ளேயிருந்து சேர்மத்துரை அண்ணன் குரல், "என்ன மாப்ள, உன் மக ஒரு கிண்ணம் சோத்தைப் பொங்கல் வரைக்கும் திம்பாளோ?" அவர் சிரிக்கிறார், என் வீட்டுக்காரர், அய்யாத்துரை, சொன்ன சொல் தவறாதவர். "கதை கேட்டுட்டே திம்பா அத்தான். இவ அம்மைக்காரிக்கு வாயெல்லாம் காவியம்லா." அப்புறம் சத்தமாக, "கனி, ஆச்சா?" இந்தா ஆச்சு என்கிறேன். ஆகவில்லை. பாதிக் கிண்ணம் இருக்கிறது. உருண்டையைச் சின்னதாகப் பிடிக்கிறேன், நெல்லிக்காய் அளவு, அதைவிடச் சின்னதாகச் சுண்டைக்காய் அளவு. சோறு ஆறிவிட்டது. நெய் விரலில் வெள்ளையாகப் பிடிக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் தமிழம்மா அகப்பாட்டு நடத்தும்போது கேட்பார்கள், நற்றாய் யார், செவிலித்தாய் யார். பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய், எழுந்து நின்று கணீரென்று சொல்வேன். மகள் ஒருத்தனோடு போய்விட்டால் செவிலிதான் வெயிலில் தேடிப் போவாள், எதிரே வருகிறவனை எல்லாம் நிறுத்திக் கேட்பாள், காலில் கொப்புளம் அவளுக்குத்தான். நற்றாய் வீட்டில் உட்கார்ந்து மகளுடைய பந்தையும் பாவையையும் பார்த்து அழுவாள். ஏன் நற்றாய் தேடிப் போகமாட்டாளா அம்மா என்று கேட்டேன். வீட்டை யாரு பாத்துக்குவா என்றார்கள் தமிழம்மா, வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். எனக்குச் சிரிப்பு சீக்கிரம் வந்துவிடும், எங்கள் வீட்டில் என்னைச் சிரிப்பாணி என்றுதான் கூப்பிடுவார்கள். இன்றைக்கு நான் சரி என்று சொல்லிவிட்டால் நற்றாய் ஆகிவிடுவேன். நல்ல தாய். ஊரும் அதைத்தான் சொல்லும், என்ன மனசுப்பா அந்தப் பிள்ளைக்கு, பெத்ததைத் தூக்கிக் கொடுத்தாளே. வீட்டில் இவளுடைய ஒத்தைச் செருப்பு எங்கேயாவது கட்டிலுக்கு அடியில் கிடக்கும், கூட்டும்போது கைக்கு வரும்.

சிரித்ததுதான் தப்பு. வளைகாப்பில் சிரித்தது. எங்கள் வழக்கத்தில் வேப்பிலைக் காப்பு போட்டதும் நாத்தனார்தான் முதல் கண்ணாடி வளையலைப் போட வேண்டும். மதினி பச்சையும் சிவப்புமாக வாங்கி வந்து கையில் பிடித்துக்கொண்டு நின்னாங்க. யாரோ ஒரு கிழவி, இன்னும் அவள் பெயர்கூடத் தெரியாது, பிள்ளை பெத்தவ யாராச்சும் முதல்ல போடுங்க என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள். மதினி வளையலைத் தாம்பாளத்தில் திருப்பி வைச்சாங்க. சந்தனக் கிண்ணத்தை நேராக்கி வைக்கிற மாதிரி ஒரு பாவனை. அதைப் பார்த்துத்தான் அவர் பந்தலில் இருந்து வந்தார். அக்கா கையைப் பிடித்து இழுத்து என் முன்னால் உட்காரவைத்து, "எங்கக்காதான் போடணும், இது எங்கக்கா பிள்ளைதான், பொறந்ததும் எங்கக்காவுக்குத்தான்" என்றார். பெண்களெல்லாம் குலவை போட்டார்கள். நிறைவிளக்கு எரிகிறது, சபை நிறைந்திருக்கிறது, மதினி கண்ணில் தண்ணீர் நிற்கிறது. நான் சிரித்துக்கொண்டே கையை நீட்டினேன். என்ன பெருந்தன்மையான மனுசன் எனக்கு வாய்த்திருக்கிறான் என்று உள்ளே குளிர்ந்தது. புத்தகத்தில் வாசித்த ராஜாவையே பக்கத்தில் வைத்துப் பார்க்கிற மாதிரி. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது வாய் கசக்கிறது. வளைகாப்புச் சபையில் சொன்னது விளக்குக்கு முன்னால் சொன்னது, அது நிற்கும் என்பார்கள் எங்களில். எனக்கென்ன தெரியும், வயிற்றில் இவள் அந்தக் குலவைச் சத்தத்துக்குத் துள்ளினாள், அதில்தான் என் கவனம். நாலு வருசம் யாரும் பேச்சை எடுக்கவில்லை. மதினி மாதம் ஒருமுறை வருவாங்க, கவுன் வாங்கி வருவாங்க, காய்ச்சல் என்றால் ராத்திரி பஸ் பிடித்து வருவாங்க. வர்ணிகாவுக்குத் தம்பிப் பயல் பிறந்து தொட்டிலில் போட்டதும்தான் பேச்சு வந்தது. அதையும் மதினி சொல்லவில்லை, இவர்தான் சொன்னார், சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே. "அதான் நமக்குப் பையன் வந்துட்டான்ல கனி. அக்காவுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தோம்." சொல்லியிருந்தோமாம். பன்மையில் என்னையும் சேர்த்துக்கொண்டார். பையன் வந்துவிட்டால் பெண்பிள்ளை கூடுதலாம். கடையில் இரண்டு தேங்காய் வாங்கி ஒன்று மிஞ்சின மாதிரி.

தொட்டில் கம்பி கிரீச் என்கிறது. எழுந்துவிட்டானா. இல்லை, யாரோ ஆட்டுகிறார்கள், மதினியாகத்தான் இருக்கும். மார் கனக்கிறது, அவன் எழுந்து அழுதால் நான் போக வேண்டும், இவள் சாப்பாடு பாதியில் நிற்கும், பாதியில் நின்றால் முடிந்த மாதிரி ஆகுமா ஆகாதா. மதினி பாவம்தான். பாவம் என்று நினைக்கிற இடத்தில்தான் நான் வழுக்குகிறேன். அந்த வீட்டில் மேலே ஒரு அறை இருக்கிறது, போன தடவை போனபோது பார்த்தேன், மஞ்சள் பெயிண்ட் அடித்து, சுவரில் குட்டி அலமாரி வைத்து, அதில் பொம்மைக்குப் பதிலாகப் புத்தகமாக அடுக்கியிருந்தாங்க. படம் போட்ட கதைப் புத்தகங்கள், வழவழ தாள், நான் சின்ன வயசில் தொட்டுப் பார்க்காத மாதிரிப் புத்தகங்கள். "நீ கதை சொல்லுவல்ல கனி, அது இவளுக்குக் கொறையக் கூடாதுன்னு வாங்கினேன். எனக்கு ஒன்ன மாதிரிச் சொல்ல வராது, படிச்சுக் காட்டுவேன்." அப்படிச் சொன்னாங்க. என்ன சொல்வது இதற்கு. கோபப்படவும் விடாத மனுசி. ராத்திரி கரண்ட் போனால் இவள் பயப்படுவாள், வலது காதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள், என் வலது காதை, அவங்க காதில் கல்வைத்த தோடு இருக்கிறது, குத்தும். குத்தினால் கழற்றி வைப்பாங்க. அதுதான் பயம். எல்லாவற்றையும் கழற்றி வைப்பாங்க. இவள் என்னை மறப்பதற்கு ஒரு வருசம் ஆகுமா. கதையில் இளவரசி கொக்கு வீட்டில் இருந்தபோது அம்மாவை நினைத்தாள் என்று ஒரு இடத்திலும் எழுதவில்லை.

"ராஜா குடுத்தாரா?" என்கிறாள், தெரிந்துகொண்டே. இன்றைக்கு என் நாக்கு வேறு மாதிரிப் புரள்கிறது. ராஜா, சரி, எடுத்துக்கொள் என்றார். ஆனால் ராணி ஓடி வந்தாள். "ராணியா?" ஆமா, ராணி. சமையல் கட்டிலிருந்து, கையெல்லாம் மாவோடு ஓடி வந்து, கொடுக்கமாட்டேன், இது என் பிள்ளை, ராஜா சொன்னால் ராஜாவையே தூக்கிக்கொண்டு போ என்றாள். வர்ணிகா மெல்லுவதை நிறுத்திவிட்டாள். கன்னத்தில் சோறு உருண்டையாக நிற்கிறது. "அப்புறம்?" அப்புறம் கொக்கு போய்விட்டது. இளவரசி அம்மாவோடேயே இருந்தாள். சாப்பிட்டாள், தூங்கினாள், அவ்வளவுதான். "கொக்கு முதுகுல ஏறலையா?" ஏறலை. "தாமரை இலை?" இல்லை. "முத்து?" அதெல்லாம் எதற்கு, அம்மா இருக்காள்ல. முகத்தைச் சுளிக்கிறாள், கறிவேப்பிலை வாயில் பட்ட மாதிரி. "போம்மா. அப்போ கதையே இல்லையே." எனக்குச் சுருக்கென்றது. அப்போது கதையே இல்லை. ராணி கொடுக்கமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் உலகத்தில் ஒரு கதையும் இல்லை, காவியமும் இல்லை, காடும் இல்லை, சிறகும் இல்லை, ஒரு வீட்டில் ஒரு பிள்ளை சாப்பிட்டுத் தூங்கியது என்று முடிந்துபோகும். அதனால்தான் எழுதினவன் எவனும் அவளை வாயைத் திறக்க விடவில்லை. கண்ணீர் மல்கவைத்து, வழியனுப்பவைத்து, ஒரு வரியோடு வாயை அடைத்துவிட்டான். நான் இத்தனை வருசம் ரசித்து ரசித்துத் தின்றதெல்லாம் எவளோ ஒருத்தி விழுங்கினது. "கொக்கு பாவம்ல ம்மா? அதுக்குத்தான் பாப்பாவே இல்லையே." பாவம்தான்டி. "மழை?" மழையைக் கொக்கு திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டது. "ஊரெல்லாம்?" காய்ந்தது. காயட்டும். திற வாயை. திறக்கவில்லை. உதட்டைப் பூட்டிக்கொண்டாள், கண்ணையும் சேர்த்துப் பூட்டிக்கொண்டாள். ஒழுங்காகச் சொன்னால்தான் திறப்பாளாம். கிண்ணத்தில் கடைசி ஒரு கைச் சோறு. நான் கெஞ்சுகிறேன், மிரட்டுகிறேன், காக்காய்க்குக் கொடுத்துவிடுவேன் என்கிறேன். சரி, ராணி விட்டுவிட்டாள் என்று சொல்லிவிட்டால் போதும், திறந்துவிடுவாள். சும்மா கதைதானே. சொல்ல வரவில்லை. கதையில்கூட என்னால் அந்தப் பிள்ளையை ஏற்றிவிட முடியவில்லை.

பின்வாசலில் நிழல் விழுகிறது. மதினி. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியிருக்காங்க, கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது, வெளிச்சத்தில்தான் தெரிகிறது. "என்னட்டி, அடம் பிடிக்காளா?" என்று கேட்டுக்கொண்டே என் பக்கத்தில் குத்துக்கால் வைத்து உட்காருறாங்க. "கடைசி வாய்தானே. நான் ஒரு வாய் ஊட்டட்டா?" என்னிடம்தான் கேட்கிறாங்க, பிள்ளையிடம் இல்லை. கிண்ணத்தை நீட்டுகிறேன். வேறென்ன செய்ய. கட்டை விரலும் ரெண்டு விரலுமாகச் சோற்றை அள்ளி, மீனை விண்டு, ஒரு அழுத்து, அவ்வளவுதான், அந்த ஒரு அழுத்தில் முள் இல்லை என்று தெரிந்துவிட்டது அவங்களுக்கு. வர்ணிகா வாயைத் திறந்தாள். கதை கேட்கவில்லை. கொக்கு கேட்கவில்லை, ராஜா கேட்கவில்லை, குருவிக்குஞ்சு மாதிரி ஆவென்று திறந்து வாங்கிக்கொண்டு, மென்று, விழுங்கி, அத்தையைப் பார்த்துச் சிரிக்கிறாள். பாலை நிறுத்தினதிலிருந்து ஒவ்வொரு வாய்க்கும் நான் ஒரு ராஜ்யத்தை விலை கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். முகம் பற்றிக்கொண்டு எரிகிறது. அந்த எரிச்சலில்தான் வந்தது, யோசித்து வரவில்லை, அழகாக வரவில்லை, நான் வாசித்த எந்தப் புத்தகத்திலும் இல்லாத மாதிரி மொட்டையாக வந்தது. "அனுப்பமாட்டேன் மதினி." மதினி நிமிரவில்லை. கிண்ணத்து ஓரத்தில் ஒட்டின பருக்கையை விரலால் தள்ளிக்கொண்டே, "தெரியும்ட்டி" என்கிறாங்க. "கார் கதவைத் தொறக்கும்போதே ஒம் மூஞ்சியில பாத்தேன்." தெரிஞ்சா பின்ன எதுக்கு உக்காந்திருக்கீங்க என்று கேட்டுவிட்டேன், கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். "தம்பி வாயால கேக்கணும். நாலு வருசமா ஆஸ்பத்திரிக்குப் போலாமான்னு இவுக கேட்டப்பல்லாம், எதுக்கு, நமக்குத்தான் தம்பி பிள்ளை இருக்கேன்னு சொன்னேன். ஆசிரமத்துல எழுதிப் போட்டு ஒரு பிள்ளைய எடுப்போமான்னாக. அதுக்கும் அதையேதான் சொன்னேன். இப்ப வயசும் போயிட்டு. ஒன்ட்ட எனக்கென்ன பேச்சு? நீயா சொன்ன? சொன்னவன் சொல்லட்டும்."

இந்தாங்க, கொஞ்சம் இங்க வாங்க என்று கூப்பிடுகிறேன். என் குரலா அது. அவர் வருகிறார், கையில் போன், கிரிக்கெட் சத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது, வாசலில் மூன்று பேரையும் பார்த்ததும் சத்தத்தைக் குறைக்கிறார். நிறுத்தவில்லை, குறைக்கிறார். "சொல்லுல" என்கிறாங்க மதினி. "என்னக்கா?" "வர்ணிகாவை அனுப்புதியா, இல்லையா?" அவர் என்னைப் பார்க்கிறார், நான் மாட்டேன் என்பது என் முகத்திலேயே தெரிந்துவிட்டது அவருக்கு. நான் சொல்வேன், நான் அழுவேன், நான் கெட்டவள் ஆவேன், அவர் பொம்பளைங்க சமாச்சாரம் என்று கையை விரித்துவிட்டு உள்ளே போகலாம், அந்தக் கணக்கு அவர் கண்ணில் ஓடுகிறது. நான் முருங்கை மரத்தைப் பார்க்கிறேன். ஒரு வார்த்தை உதவமாட்டேன். இத்தனை பாட்டில் புகழ் வாங்கினீர்களே ராஜாக்களே, இந்த ஒன்றை நீங்களே சொல்லுங்கள். மரத்தில் கம்பளிப்பூச்சி ஒன்று ஊர்கிறது, மண்ணெண்ணெய்த் துணி கட்ட வேண்டும், நாளைக்கு மறக்காமல் கட்ட வேண்டும். "அக்கா... அது அன்னைக்கு... எல்லாரும் இருந்தாங்க, ஒன் மூஞ்சியப் பாக்க முடியல... சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதுக்கா." சொல்லிவிட்டார். தலையைக் குனிந்துகொண்டு, போனில் கட்டை விரல் வைத்தபடி சொல்லிவிட்டார். மதினி முகத்தில் ஒன்றுமே அசையவில்லை. "பேச்சுக்கு" என்கிறாங்க, உப்புச் சரியா என்று வாயில் போட்டுப் பார்க்கிற மாதிரி. "சரி. இதை அன்னைக்கே சாயங்காலம் சொல்லியிருக்கலாம்ல." அவர் உள்ளே போய்விட்டார். எனக்குப் பாரம் இறங்க வேண்டும், ஜெயித்துவிட்டேன், பிள்ளை என்னிடம்தான், இறங்கவில்லை. ஊருக்கு நான் இனிமேல் யார் என்று தெரியும். வாக்கைக் கெடுத்தவள், நாத்தனார் வயிற்றில் அடித்தவள், எல்லாக் கதையிலும் கடைசிப் பக்கத்தில் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போகப்படுகிறவள். இருந்துவிட்டுப் போகிறேன். வர்ணிகா கல்லிலிருந்து இறங்கி, மதினி முழங்காலைப் பிடித்து உலுக்குகிறாள். "அத்தை, இன்னொரு வாய்." நான் தட்டுத் தடுமாறி எழுந்து, அடுக்களைக்குப் போய், சோறு வைத்து, நல்ல துண்டாகப் பார்த்து மீன் வைத்துக் கொண்டுவந்து, கிண்ணத்தை மதினியிடம் நீட்டுகிறேன். ஊட்டுங்க மதினி. கெஞ்சுகிற மாதிரிதான் நீட்டுகிறேன். அவங்க கிண்ணத்தைப் பார்க்கிறாங்க, பிள்ளையின் திறந்த வாயைப் பார்க்கிறாங்க.

"வேண்டாம்ட்டி. ஊட்டினாப் பழகிருவேன்."

எழுந்து போய்க் குழாயைத் திறக்கிறாங்க. மீன் வாடை போகவில்லை போலிருக்கிறது, சோப்பு இருக்கா என்று கேட்கிறாங்க. எடுத்துக் கொடுக்கிறேன்.